அலுவலும் உலாவும்



கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஆண்டில் பாதி நாள் எனக்கு வெளியூர்களிலேயே கழிந்தது. வேலை நிமித்தம் ஓர் ஊருக்குச் சென்ற ஒருவன், அவ்வூரைக் கண்டு மகிழவும் பொழுது ஒதுக்கலாமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நீங்கள் இப்பொழுதே பேச்சுப் போட்டிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் வெளியூர் செல்கிறீர்கள். நாளை அலுவலுக்காகவும் செல்வீர்கள். ஆதலால் இஃது உங்களுக்கும் உரிய பொருளே. இவ்வினாவுக்கு விடை காணுமுன் நான் இரண்டு முறை தவறினேன். அவ்விரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

1979-ஆம் ஆண்டு, புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு நெசவாளர் சங்கத்திற்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். அப்பொழுது எனக்கு இளவயது. சித்தன்னவாசல் அருகில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மனம் கணக்கில் நிற்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கே பேரேட்டை மூடிவிட்டுப் புறப்பட்டேன். குகைக் கோயிலின் விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைப் பொய்கையைக் கண்டேன். மீனும் அன்னமும் யானையும் எருமையும் கூடிய அப்பொய்கையில் இறங்கி மலர் கொய்யும் மனிதரையும் கண்டேன். ஆயினும் ஒளித்து வந்தவன் கண்ணுக்கு எதுவும் நிறைவாகத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓவியத்தையும் பார்த்துத் திரும்பினேன்.

மறுநாள் காலையில் சங்கத்தின் செயலாளர் சொன்னார், முதல் நாள் மாலை முதிய நெசவாளர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தாராம். தறியை நிறுத்திவிட்டு ஏழெட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்து, இருட்டும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். அவருடைய சேமிப்புக் கணக்கில் ஒரு தொகை வரவாகவில்லை என்பது அவர் ஐயம். செயலாளரின் மிதிவண்டியை வாங்கிக்கொண்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “ஐயா வேறு சங்கத்து வேலையாய்ப் போயிருப்பீர்கள் என்று இருந்துவிட்டேன். பொழுது போயிற்று, திரும்பிவிட்டேன்” என்றார். நான் உண்மையைச் சொல்லவில்லை. அவருடைய புத்தகத்திலிருந்து தேதியையும் தொகையையும் குறித்துக்கொண்டு வந்து பேரேட்டைப் புரட்டினேன். அதே பெயருடைய வேறோர் உறுப்பினரின் ஏட்டில் அத்தொகை வரவு வைக்கப்பட்டிருந்தது. திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் முதல் நாள் அவருக்குக் கொடுக்காமல் போனேன்.

அதன்பின் எதிர்ப்புறமாகத் தவறினேன். பயணத்தில் வேலையன்றி வேறெதுவும் கூடாது என்று உறுதி பூண்டேன். பதினைந்து ஆண்டுகள் அப்படியே கழிந்தன. ஒருநாள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கட்டுரை எழுத உட்கார்ந்தவள், “அப்பா, தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள். நான் தஞ்சாவூருக்கு இருபது முறைக்குக் குறையாமல் போனவன். எந்த விடுதியில் என்ன வாடகை என்று சொல்ல எனக்குத் தெரியும். அவள் கேட்டதற்கு விடை தெரியவில்லை. “நேரம் இல்லையம்மா” என்றேன். அது முழு உண்மையன்று. தங்கிய ஊர்களில் மாலை வேளைகளை நான் விடுதியறையில் படுத்தே போக்கியிருந்தேன்.

அப்பொழுதுதான் சர் சி. வி. இராமனின் வரலாறு எனக்கு வழிகாட்டியது. 1921-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராளராக அவர் சென்றார். இலண்டனில் தூய பவுல் பேராலயத்தையும் பார்க்கப் போனார். அங்கே வட்டமான மாடம் ஒன்று உண்டு. அதன் சுவரோரமாக மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் இருப்பவருக்குக் கேட்கும். எல்லாரும் கேட்டு வியந்து இறங்கிவிடுவர். இராமனோ அங்கேயே சோதனை செய்து ஆராய்ச்சிக் குறிப்பும் எழுதினார். நர்கண்டா என்னும் கப்பலில் தாயகம் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்று ராலே என்ற ஆங்கில அறிஞர் கூறியிருந்தார். இராமனிடம் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வானொளியைத் தக்க கோணத்தில் அது தடுத்துவிடும். அவ்வாறு தடுத்த பின்னும் கடலின் நீலம் மறையவில்லை. முன்னினும் ஆழ்ந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று அவர் கண்டார். அங்குத் தொடங்கிய ஆராய்ச்சி 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவாக முதிர்ந்தது. 1930-இல் நோபல் பரிசையும் கொணர்ந்தது.

நாமெல்லாம் இராமன் ஆகிவிட முடியாதுதான். ஆனால் அவரிடம் இரண்டைக் கற்கலாம். மாநாட்டு வேலையை விட்டுவிட்டு அவர் கடலைப் பார்க்கவில்லை. வீடு திரும்பும் பொழுதில் பார்த்தார். பார்த்தபோதும் உள்ளத்தில் ஒரு கேள்வியோடு பார்த்தார்.

அடுத்த முறை தஞ்சைக்குச் சென்றபோது நான் முறையாக விண்ணப்பித்து, வேலை முடிந்த மறுநாளுக்கு விடுப்புப் பெற்றேன். அந்த நாளுக்குத் தினப்படி கேட்கவில்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் இரண்டாம் தொகுதியை முன்னரே நூலகத்தில் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தேன். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலின் சுவர் முன் நின்றபோது திகைத்தேன். அது முழுதும் கணக்கு! கோயிலுக்கு அளித்த அணிகலன்கள் ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, நிறையோடு எழுதப்பட்டுள்ளன. சரடும் அரக்கும்கூடக் கணக்கிலிருந்து தப்பவில்லை. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து வந்து குடியேறிய ஆடல் மகளிர் நானூறு பேருக்கு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கப்பட்ட செய்தியும் உள்ளது. ஒரே பெயர் பலருக்கு வருகிறது. ஆயினும் குழப்பமில்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பவை ஒவ்வொரு பெயரோடும் பொறிக்கப்பட்டுள்ளன.

அவ்விடத்தில் எனக்கு அந்த முதிய நெசவாளரின் நினைவு வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டியவர் செய்த ஒழுங்கு, எங்கள் பேரேட்டில் இல்லாமற் போயிற்று. ஒத்த பெயருடைய உறுப்பினர் இருக்கும் சங்கங்களில் தந்தை பெயரும் கதவு எண்ணும் சேர்த்து எழுதுமாறு அதன்பின் நான் தணிக்கைக் குறிப்புகளில் வற்புறுத்தத் தொடங்கினேன். உலாவாகச் சென்ற ஒரு பகல் என் தொழிலுக்கே உதவியது. மகளிடம் சொல்லவும் எனக்குச் செய்தி கிடைத்தது; அவள் கட்டுரை முடிந்து நெடுநாளாகியிருந்தாலும் பொறுமையாகக் கேட்டாள்.

ஆகவே, நண்பர்களே, வெளியூர் செல்லும்போது போன காரியத்தை முதலில் முழுதாக முடித்துவிடுங்கள். உங்களுக்காக எவரும் காத்திருக்கவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தங்கும் நாளைக் கூட்ட வேண்டுமாயின் உரியவரிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள். அதற்கான செலவு உங்களுடையதாக இருக்கட்டும். பத்து இடங்களுக்கு ஓடாமல், ஓரிடத்தைத் தேர்ந்து, அதைப் பற்றிச் சிறிது படித்துவிட்டுச் செல்லுங்கள்.

பணி ஓய்வு பெற்ற பின் நான் மீண்டும் சித்தன்னவாசலுக்குச் சென்றேன். தாமரைப் பொய்கையை அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். அந்த நெசவாளரிடம் அன்றே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று அங்கும் தோன்றிற்று. அதற்குக் காலம் கடந்துவிட்டது. நீங்களாவது அப்படிக் கடக்க விடாதீர்கள்.