மூன்று கேள்விகள்



தச்சர் இல்லத்தில் வளர்ந்த இயேசுவிடம் அறிவும் உடலும் நற்பண்பும் ஒருசேர வளர்ந்தன என்பது லூக்கா நற்செய்தி தரும் செய்தி. உடல், அறிவு, ஆன்மா ஆகிய மூன்றையும் முக்கோணச் சின்னத்தால் குறிக்கும் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் சார்பில், 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் உடற்கல்விப் பள்ளியொன்றைத் தொடங்கினார்.

உடல் இறைவனின் ஆலயம் என்பது தூய பவுலின் போதனை. அவ்வாறாயின், நம் முன்னோரின் உடலைத் தீண்டத்தகாதது என்றோர் ஆலயத்தையே பழித்தனர். அதே உடலை மதுவால் கெடுப்போமாயின் நாமும் அப்பழிக்கு உடந்தையாவோம்.

மதிப்பெண்ணை மட்டும் கேட்கும் பெற்றோராகிய நாம், இனி நம் பிள்ளைகளிடம் மாலைதோறும் மூன்று கேள்விகள் கேட்போம்: இன்று என்ன கற்றாய்? என்ன விளையாடினாய்? யாருக்கு உதவினாய்? மூன்றுக்கும் விடை தரும் பிள்ளை எவர் முன்னும் தலைகுனியாது.