ரோசி ஏன் ராஜம்மாள் ஆனார்?



கோவையில் சினிமா வரலாறு பேசுகிறவர்கள் 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலைப் பெருமையோடு சொல்வார்கள். கொட்டகை வந்த கதை அது. கொட்டகைக்குள் சாதி என்ன செய்தது என்பதைப் பி.கே. ரோசியின் வாழ்க்கை சொல்கிறது.

ரோசி புலையர் சமூகத்துப் பெண். கூலி வேலையும் நாடகமும் அவர் பிழைப்பு. மலையாளத்தின் முதல் படமான ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்க சாதியினர் திரைமீது கல்லெறிந்தார்கள். அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். தப்பி நாகர்கோவில் வந்தவர், லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார்.

இதை ஒரு நடிகையின் சொந்த சோகம் என்று எழுதுகிறார்கள். இல்லை, இது சாதி கொடுத்த தண்டனை. ஆதிக்க சாதி நடிகர்கள் நம் வேடம் போட்டால் கைதட்டுகிறார்கள். நாம் அவர்கள் வேடம் போட்டால் கல் பறக்கிறது.

டேனியல் பெயரில் கேரள அரசு 1992 முதல் விருது தருகிறது. ரோசி நடித்த படச்சுருள்கூட நமக்கு மிஞ்சவில்லை.

வாடகை வீடு கேட்கும்போது ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இந்த நகரத்தில் இன்றும் இருக்கிறார்கள். பெயரை மறைக்காமல் வாழும் உரிமைக்கான போராட்டமே ரோசிக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.

ஜெய்பீம்.