உப்புத் தின்றவன் சொன்ன சாட்சி

(தருமபுரியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சரித்திர நாவல் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குச் சரித்திர நாவல் பிடிக்கும். ராத்திரி முழுக்க முழிச்சிருந்து படிச்சவன் நான். அதனால் திட்டிவிட்டு உட்கார்ந்துவிட எனக்கு யோக்கியதை இல்லை.

சின்ன வயசில் ஊர்த்தெரு வீடு ஒன்றிலிருந்து பைண்டு பண்ணின தொடர்கதைகளைக் கொல்லைப்பக்கமா நின்று வாங்கி வருவேன். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆயாவுக்கு உரக்கப் படிச்சுக் காட்டுவேன். இளவரசி பல்லக்கில் வருகிறாள், நிலா காய்கிறது, மல்லிகை மணக்கிறது. ஆயா வெத்தலையை மென்றபடி கேட்கும்: "ஏன்டா, அந்தப் பல்லக்கத் தூக்கிட்டு வந்தானுங்களே, அவனுங்களுக்கு யாராச்சும் கூழு ஊத்துனாங்களா?" எனக்குக் கோபம் வரும். கதையில் அது இல்லை ஆயா, சும்மா இரு என்பேன்.

ஆயா பண்ணைக்காரர் வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளியது. ஒரு வருஷம் பாக்கிக் கூலியைக் கேட்டதுக்கு, "எங்க உப்பத் தின்னுட்டு எங்களையே எதிர்த்துக் கேக்கறியா" என்று துரத்திவிட்டார்கள். அந்த வார்த்தையைச் சாகிறவரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. இந்த உப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

நான் இன்றைக்குப் பேச வந்தது ஒரு பிரெஞ்சு ராஜாவைப் பற்றி. தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சு ராஜா எதுக்கு என்று கேட்கலாம். ரொம்ப தூரமில்லை. 1788ல் திப்பு சுல்தானின் தூதர்கள் பாரிசுக்கும் வெர்சாய்க்கும் போய் பதினாறாம் லூயியைப் பார்த்தபோது, இந்த பாராமகால் சீமை திப்புவின் கையில்தான் இருந்தது. நான் சொல்லப்போவது அதுக்கு முந்தின ராஜா, பதினைந்தாம் லூயி. 1715ல் ஐந்து வயசில் பட்டத்துக்கு வந்து 1774ல் அம்மை போட்டுச் செத்தான். ஜனங்கள் முதலில் அவனுக்கு வைத்த பெயர் 'அன்புக்குரியவன்'. கடைசியில் பிணத்தை ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோக வேண்டிவந்தது. வேட்டையும் பெண்களும்தான் அவன் வாழ்க்கை. பொம்பதூர் சீமாட்டி, து பாரி சீமாட்டி என்று இவர்களை வைத்து எழுதின நாவல்களுக்கும் எடுத்த சினிமாக்களுக்கும் கணக்கில்லை. வெள்ளைக்காரன் எழுதினால் என்ன, நம்மாள் எழுதினால் என்ன, சரக்கு ஒன்றுதான்: பட்டு, அத்தர், கண்ணாடி மண்டபம், சதி.

நான் பேங்க் குமாஸ்தா. எதைப் படிச்சாலும் பற்று எங்கே வரவு எங்கே என்று கண் போகும். 1772ல் லூயி தன் து பாரிக்காக ஒரு வைர மாலைக்கு ஆர்டர் கொடுத்தான். 647 வைரங்கள். பணம் கொடுப்பதற்குள் செத்துப்போனான். நகைக்காரர்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாடினார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் வாராக்கடன். அதே மாலைதான் 1785ல் அடுத்த ராஜாவின் மனைவி மரி அந்துவானெத் பெயரை நாறடித்தது.

இந்த ஆடம்பரத்துக்கு வரவு எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய வரவு உப்பு வரி. பிரபுக்களுக்கும் பாதிரிகளுக்கும் பெரும்பாலும் அந்தச் சுமை கிடையாது. பிரான்சின் பல பகுதிகளில் ஏழைக் குடியானவன் அரசாங்கக் கிடங்கிலிருந்து இவ்வளவு உப்பு வாங்கியே தீரணும், வேணுமோ வேணாமோ. அப்படியானால் யார் உப்பை யார் தின்றார்கள்?

இன்னொரு வரவு கடலுக்கு இந்தப் பக்கம். புதுச்சேரியும் காரைக்காலும் அந்த லூயி காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனியின் துறைகள். அங்கிருந்து துணி போனது. ஆளும் போனது. ஏழைபாழைகளை அடிமைகளாகக் கப்பலேற்றி இன்றைக்கு மொரீசியஸ், ரீயூனியன் என்று சொல்கிற தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1745 செப்டம்பரில் பொம்பதூர் வெர்சாய் அரசவையில் முறைப்படி அறிமுகமானாள். நாவல்காரர்கள் அவள் கட்டியிருந்த பட்டின் மடிப்பு வரைக்கும் வர்ணிப்பார்கள். அடுத்த மாதம் புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மாதா கோயிலுக்குள்ளே பறையர் கிறிஸ்தவர்களை ஒதுக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரி பேச்செடுக்க, சுவரை இடித்தார்கள். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். அதே ராஜா, அதே வருஷம். இந்தச் சுவரை வைத்து எவனாவது ஒரு தொடர்கதை எழுதியிருக்கிறானா? எனக்குத் தெரிந்து யாருமில்லை.

இனி ஆளைச் சொல்கிறேன். அவன் பெயர் ஸமோர். சிட்டகாங்கில் பிறந்தவன், அப்போது வங்காளம், இன்றைக்கு வங்கதேசம். சிறு பையனாகப் பிடித்து, விற்று, கைமாறி, பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். லூயி அவனைத் து பாரிக்குக் கொடுத்தான். கிளியும் நாய்க்குட்டியும் கொடுக்கிற மாதிரி. அவனுக்குப் பட்டுச் சட்டை போட்டு, தலைப்பாகை கட்டி, அவள் பின்னால் நிறுத்தினார்கள். ஆப்பிரிக்கப் பையன் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. அந்தக் காலத்து ஓவியம் ஒன்று இருக்கிறது. சீமாட்டி ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறாள், பையன் கோப்பையை நீட்டுகிறான். கோப்பையில் இருப்பது காப்பியோ சாக்லேட்டோ, இரண்டும் அடிமைகள் வேர்வை சிந்தின தோட்டத்துச் சரக்குதான்.

அலெக்சாந்தர் டூமா 'ஜோசப் பால்சமோ' என்ற நாவலில் இந்தப் பையனைக் கொண்டுவருகிறார். எப்படி? சிரிப்பு மூட்டுகிற பாத்திரமாக. விளையாட்டுக்கு அவனை ஒரு மாளிகையின் கவர்னர் ஆக்குகிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு நெஞ்சில் தைப்பது என்னவென்றால், டூமாவின் பாட்டி கரீபியத் தீவில் அடிமையாக இருந்த கறுப்புப் பெண். தன் பாட்டியின் ரத்தத்தில் வந்தவனுக்கே, ராஜா கதை எழுத உட்கார்ந்தால், பின்னால் நிற்கிற பையன் தமாஷாகத்தான் தெரிகிறான். இது தனியாள் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வடிவம் அப்படி இழுக்கிறது. என்னையும் இழுத்தது, ஆயாவை வாயை மூடு என்று சொல்லவைத்தது.

நம்ம கல்கியைப் பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' எத்தனை பெரிய கதை! வந்தியத்தேவன் குதிரை ஐந்து பாகமும் ஓடுகிறது. அதுக்குப் புல் அறுத்தவன் யார்? சேந்தன் அமுதன் என்று ஒரு ஏழை, பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கிறவன். அப்பாடா, நம்மாள் ஒருத்தன் வந்துட்டான்னு நிமிர்ந்தால், கடைசியில் அவன் ராஜவம்சத்துப் பிள்ளையாம்! நல்ல குணம் இருந்தால் ரத்தம் ராஜ ரத்தமாகத்தான் இருக்கணும். ராஜராஜன் கட்டின தஞ்சைக் கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரி இருக்கிறது, தீண்டாச்சேரி இருக்கிறது. கல்லில் வெட்டினது கதையில் ஏறவில்லை.

ஸமோருக்கு வருகிறேன். அவன் படித்தான். ரூசோவைப் படித்தான். 1789ல் புரட்சி வந்தது, ஜாக்கோபின்களோடு சேர்ந்தான். 1793ல் புரட்சி நீதிமன்றத்தில் து பாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னான். லண்டனுக்குப் போய்ப் போய் வருகிறாள், ஓடிப்போன பிரபுக்களுக்கு உதவுகிறாள் என்பது வழக்கு. பிறந்த ஊரைக் கேட்டபோது வங்காளம் என்று சொன்னான். அத்தனை வருஷம் பட்டுச் சட்டைக்குள் இருந்தவனுக்கு ஊர் கிடைத்தது கோர்ட்டில்தான். டிசம்பர் 8ஆம் தேதி அவளை கில்லட்டினில் வெட்டினார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பட்டம்தான்: நன்றி கெட்டவன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணினவன். எங்க ஆயா கேட்டதும் இதே பேச்சுதான். சோறு போட்டாள், சட்டை கொடுத்தாள், படிக்கவைத்தாள் என்று அடுக்குகிறார்கள். விலைக்கு வாங்கினார்கள் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி மூடினால் எங்கள் ஆபீசில் சஸ்பெண்ட் பண்ணுவார்கள்.

இங்கே கை தட்டாதீர்கள், தோழர்களே. எனக்கு உறுத்துகிற இடம் இதுதான். அந்தப் பெண் யார்? தையல்காரியின் மகள், தகப்பன் பெயர் இல்லாதவள். தொப்பிக் கடையில் வேலைக்கு நின்றவள். து பாரி என்ற ஒரு தரகன் அவளைப் பெரிய மனிதர்களிடம் கொண்டுவிட்டுக் காசு பார்த்தான். பட்டம் இல்லாதவள் அரசவைக்குள் நுழையமுடியாது என்பதால், 1768ல் தன் தம்பிக்குக் கல்யாணம் பண்ணிவைத்தான். தாலி ஒருத்தனுக்கு, உடம்பு ராஜாவுக்கு. சாமிக்குப் பொட்டுக்கட்டிவிட்டு மிராசுதாருக்கு அனுப்பினதும் இதே ஏற்பாடுதானே? அதைச் சட்டம் போட்டு நிறுத்த நமக்கு 1947 ஆனது. ஆக, விற்கப்பட்ட ஒருத்தன் சாட்சி சொல்லி, விற்கப்பட்ட ஒருத்தி செத்தாள். வண்டியில் கொண்டுபோகும்போது கதறினாளாம். வாங்கின ராஜா எப்போதோ தன் கட்டிலில் செத்துப் போய்விட்டான். ஸமோரை நான் தலையில் தூக்கி ஆடமாட்டேன். ஆனால் நன்றி கெட்டவன் என்று சொல்லவும் என் வாய் வராது.

அவனுக்கும் பூமாலை விழவில்லை. புரட்சிக்காரர்களே அவனையும் பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்து, நாட்டைவிட்டுப் போய், திரும்பி வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தான். 1820ல் பாரிசில் வறுமையில் செத்தான். து பாரி செத்து இரண்டு மாதம் ஆவதற்குள், 1794 பிப்ரவரியில் பிரெஞ்சு மன்றம் அடிமைமுறையை ஒழித்தது. 1802ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தான்.

சாட்சி என்றதும் இந்த மாவட்டத்துக்காரனுக்கு வாச்சாத்தி ஞாபகம் வராமல் இருக்காது. 1992 ஜூனில் சந்தனமரம் தேடுகிறோம் என்று போனவர்கள் 18 மலைவாழ் பெண்களை நாசம் பண்ணினார்கள். அந்தப் பெண்கள் கோர்ட்டில் ஏறி நின்று சொன்னார்கள். 2011ல் இதே தருமபுரி கோர்ட், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம், முப்பத்தோரு வருஷம். எந்த அரண்மனைக் கதையில் இத்தனை நீளமான பொறுமை இருக்கிறது?

எழுதுகிற தோழர்கள் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள். அதியமான், ஔவை என்று ஆரம்பிக்காதீர்கள், அதுக்கு ஆள் இருக்கிறது. உங்கள் ஆயா எந்தப் பண்ணையில் என்ன வேலை பார்த்தது, கூலி படியா பணமா, எத்தனை படி, பாக்கி எவ்வளவு, துரத்தினபோது என்ன வார்த்தை சொன்னார்கள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். நான் கேட்காமல் விட்டுவிட்டேன். எங்க ஆயா போய் ஒன்பது வருஷம் ஆகிறது; அந்தப் பாக்கிக் கூலி எத்தனை படி என்று எனக்குத் தெரியாது.