மறைத்த மரக்கால்

கூத்தாநல்லூர்ப் பெருமக்களே!

போனசு எனப்படும் மிகையூதியம் முதலாளி இடும் ஈகையன்று. உழைத்தவனுக்குக் கொடாது நிறுத்திய கூலியின் எச்சம். சட்டம் வகுத்த கீழ்வரம்பு 8.33 விழுக்காடு, ஆண்டுச் சம்பளத்திற் பன்னிரண்டில் ஒரு கூறு, அஃதாவது ஒரு திங்கட் சம்பளம். சிங்கப்பூர் சென்று மீண்ட இவ்வூரார் பதின்மூன்றாம் திங்கட் சம்பளம் என அறிந்ததும் இதனை ஒத்ததே.

1965-ஆம் ஆண்டு மிகையூதியச் சட்டம் தனியார் தொழிலகத்தார்க்கு இவ்வுரிமையைத் தந்தது. வாழ்நாள் காப்பீட்டுக் கழக ஊழியரை விலக்கிற்று. அரசே முதலாளியானால் ஊழியனுக்கு வயிறு சுருங்கிவிடும் போலும்!

ஊழியர் ஒன்றுபட்டு நின்றனர். 1974 சனவரி 24-இல் உடன்படிக்கை எழுதப்பட்டது: மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்க்கு ஆண்டுதோறும் 15 விழுக்காடு. ஈராண்டு கொடுத்தனர். பின்னர் நெருக்கடிநிலை வந்தது, கை மடங்கிற்று. 1976 மேத் திங்களில் ஊழியர் கல்கத்தா உயர்நயன்மன்றத்தில் வென்றனர். அதே திங்களில் அவ்வுடன்படிக்கையையே முறிக்கத் தனிச்சட்டம் பிறந்தது! களத்துமேட்டில் கூலிநெல்லை ஒப்பிவிட்டு, கதிரடித்து முடிந்தபின் மரக்காலை மறைக்கும் பண்ணையாரை இக்காவிரிப் படுகை அறியாததா?

1978 பிப்பிரவரி 21-இல் உச்சநயன்மன்றத்தின் எழுவர் ஆயம் அச்சட்டம் செல்லாதென்றது. ஈட்டிய மிகையூதியம் ஊழியனின் உடைமை. ஈடின்றி அதைப் பறித்தலாகாது என்பதே பெரும்பான்மை நடுவர் முடிவு.

நடுவணரசு அடங்கிற்றா? 1981-இல் வேறொரு சட்டத்தால் வருங்கால மிகையூதியத்திற்குக் கதவடைத்தது. ஆனால் அதற்குமுன் ஈட்டியதில் கைவைக்க, 1982-இல் உச்சநயன்மன்றம் ஒப்பவில்லை.