முதலில் ஆசிரியர் செய்து பார்க்கட்டும்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எமது கல்லூரி தந்த வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் எண்ணி இன்று பெருமைப்படுகிறோம். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய தோழியரை நாம் எண்ணுவதில்லை. இவ்வுரை அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியது.

2017 இல் 42 பாடசாலைகளில் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் தொடங்கியது. சாதாரண தரப் பெறுபேறு எதுவாயினும் பிள்ளை 12 ஆம் தரத்துக்குச் சென்று, உணவு பதனிடல், சுற்றுலா போன்ற தொழிற்பாடங்களைப் படிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் குறிப்பு எழுதிப்போட்டால் பிள்ளையின் கையில் கொப்பிதான் மிஞ்சும், தொழில் வராது.

இச்சிக்கல் புதிதல்ல. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. ஊர்த் தொழிலை ஊரிலேயே பார்த்துப் படிப்பது அதன் நோக்கம். எம்மில் சிலருடைய அம்மாமார் அதைப் படித்தவர்கள். தகுந்த பயிற்சி பெற்ற ஆசிரியர் போதவில்லை. "படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தான் தொழில்" என்ற எண்ணமும் மாறவில்லை. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அது கைவிடப்பட்டது.

வைத்தியக் கல்வியிலும் இப்படியொரு மாற்றம் வந்தது. 1969 இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், விரிவுரைக்குப் பதிலாக நோயாளியின் பிரச்சினையை மாணவர் முன் வைத்துக் கற்பிக்கத் தொடங்கியது. அங்கே முதலில் பழகவேண்டியவர் ஆசிரியரே. விடை தெரிந்தும் சொல்லாமல், சரியான கேள்வியைக் கேட்டுக் காத்திருப்பது இலேசான காரியமல்ல.

எமது துறைமுகத்திலிருந்தே ஒரு செயற்றிட்டத்தை எடுப்போம். சூரை மீன் குளிரின்றிக் கிடந்தால் அதில் இஸ்டமின் சேரும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடம்பு தடிக்கும். "பைபர் வள்ளத்தில் பிடித்த சூரை கொட்பே துறைமுகத்துக்கு வந்து சேரும்வரை குளிராக இருக்க எப்படிப்பட்ட பெட்டி வேண்டும்?" இதுதான் கேள்வி. மாணவிகள் கடற்றொழிலாளரிடம் விசாரிப்பார்கள், ஐஸை நிறுப்பார்கள், மணிக்கொரு தடவை வெப்பநிலையைக் குறிப்பார்கள், செலவைக் கணக்கிடுவார்கள், பெட்டி செய்து கடற்றொழிலாளர் சங்கத்தின் முன் விளக்குவார்கள். விஞ்ஞானம், கணிதம், தமிழ் எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

இதை நடத்தும் ஆசிரியர் முதலில் தாமே குழுவாக அந்தப் பெட்டியைச் செய்து பார்க்கவேண்டும். அப்போதுதான் எங்கே கை தடுமாறும், எத்தனை நாள் பிடிக்கும், எங்கே ஆபத்து என்பது விளங்கும். கேள்வியைப் பிள்ளையின் அளவுக்குச் சுருக்கவும், வேலையை வாரவாரமாகப் பிரிக்கவும் தெரியும். புள்ளியிடவும் அவர் பழகவேண்டும். அழகான பெட்டிக்கு மட்டும் புள்ளி கொடுத்தால், ஒருத்தி செய்ய நால்வர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் குறிப்பேட்டையும் பார்க்கவேண்டும். தனித்தனியே வாய்மொழியாகக் கேட்கவேண்டும். ஐஸ் வேளைக்கு முன் உருகிப்போன பெட்டிக்கும், ஏன் என்று கண்டுபிடித்துத் திருத்தியிருந்தால், நல்ல புள்ளி உண்டு.

ஒருநாள் கருத்தரங்கும் தேநீரும் இதற்குப் போதா. விடுமுறையில் சில நாள் தொழிலிடத்தில் நிற்கவேண்டும். தவணை நடுவில் மீண்டும் கூடி, வகுப்பில் நடந்ததைப் பேசவேண்டும்.

பழைய மாணவிகளாகிய நாம் செய்யக்கூடியவை மூன்று. நிலாவெளி விடுதிகளிலும், சீனன்குடா ஆலைகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்வோர், ஆசிரியர் வந்து பழக அனுமதி பெற்றுக்கொடுக்கலாம். கேடயத்துக்குச் செலவிடும் பணத்தில் தராசும் வெப்பமானியும் வாங்கிக்கொடுக்கலாம். மாணவிகள் தம் வேலையை விளக்கும் நாளில் முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்கலாம். கடல்கடந்து வாழும் சகோதரியர் இணையவழி கேட்கலாம்.

தொழிற்பாடம் படிக்கும் பிள்ளையும் இக்கல்லூரியின் பிள்ளைதான். அடுத்த பரிசளிப்பு விழாவில் அவளுடைய பெயரும் மேடையில் வாசிக்கப்படவேண்டும். அதற்கு இன்றே அவளுடைய ஆசிரியருக்குத் துணை நிற்போம்.