கண் அழுத்த நோய்: அறுவை சிகிச்சைக்குப் பிந்திய வாரங்கள்

நான் கண் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் தாதி. கண் அழுத்த நோய்க்கு, அதாவது கிளாக்கோமாவுக்கு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். உங்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பக்கத்து வீட்டு அம்மா கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில நாள்களிலேயே தொலைக்காட்சியில் ஓடும் செய்தி வரிகளைப் படிக்கிறார். உங்களுக்கோ சில வாரங்களுக்குப் பார்வை முன்பைவிட மங்கலாகவே இருக்கலாம். "எனக்குச் சரியாகச் செய்யவில்லையோ" என்று மனம் சோர்ந்து, மருத்துவரைப் பார்க்க வருவதையே சிலர் விட்டுவிடுகிறார்கள். கண்புரையில் மங்கிப்போன வில்லையை மாற்றுகிறார்கள். கண் அழுத்த நோயில் கெடுவது பார்வை நரம்பு. அதனால் போன பார்வை திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றவே இந்த அறுவை சிகிச்சை.

நம் கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிகிறது. வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் கூடும். சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோது, மருத்துவர் மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில், சிறிய புது வழி ஒன்றைத் திறக்கிறார். 1968ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்ட முறை இது. நீர் அந்த வழியாக வெளியே வந்து, மெல்லிய தோலுக்கு அடியில் சிறு கொப்புளம் போலத் தேங்கி, உடலில் கலந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். காயத்தைக் கண்டால் நம் உடல் அதை மூடத்தான் பார்க்கும். காய்கறி நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு மூடிக்கொண்டால் நல்லது. கண்ணில் திறந்த வழி மூடிக்கொண்டால் செய்த சிகிச்சை வீணாகிவிடும். அழுத்தம் ஒரேயடியாக இறங்கினாலும் கண்ணுக்குக் கெடுதல். ஆகவே மருத்துவர் முதலில் தையலைச் சற்று இறுக்கமாகப் போட்டுவிட்டு, நீங்கள் வரும் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை அளந்து, தேவைப்பட்டால் லேசரால் ஒரு தையலைத் தளர்த்துவார். குழாயைச் சிறிது சிறிதாகத் திறப்பது போல. தழும்பு கட்டாமல் இருக்கச் சிலருக்கு ஊசி மருந்தும் போடுவார். காலம் தாழ்ந்து தழும்பு கெட்டிப்பட்ட பிறகு தையலைத் தளர்த்தினால் அவ்வளவாகப் பலன் இராது. அதனால்தான் பொதுவாக மறுநாள் வரச் சொல்கிறோம், ஒரு வாரத்தில் வரச் சொல்கிறோம், முதல் மாதத்தில் அடிக்கடி வரச் சொல்கிறோம்.

ஓர் ஐயாவை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் பார்த்தபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது, வலியும் இல்லை. பேரனின் காதுகுத்துக்கு ஊருக்குப் போய்விட்டு ஐந்து வாரம் கழித்து வந்தார். கொப்புளம் அமுங்கிப்போய், அழுத்தம் பழையபடி ஏறியிருந்தது. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே அம்மா" என்றார். தெரியாதுதான், மெல்ல ஏறும் அழுத்தம் வலிக்காது. அவருக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பயணம் ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. இப்போது நான் எல்லாரையும் கேட்கிறேன். ஊர்ப் பயணம், கல்யாணம், தைப்பூசம், எதுவானாலும் தேதி குறிக்கும் முன்பே சொல்லுங்கள். அறுவை சிகிச்சையைத் தள்ளி வைக்கலாமா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

சொட்டு மருந்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. அறுவை செய்த கண்ணுக்குப் பழைய அழுத்த மருந்தைப் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். மற்றக் கண்ணுக்கு அது தொடர வேண்டும். இரண்டையும் நிறுத்திவிட்டு வருபவர்கள் உண்டு. புட்டியில் வலது, இடது என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். வீக்கத்தைத் தணிக்கும் மருந்தை, கண் தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். தழும்பு கட்டாமல் தடுப்பதும் அதுதான்.

எண்ணெய்க் குளியல் இப்போதைக்கு வேண்டாம். தலைக்கு ஊற்றுவது, கண் மை, தரையில் விழுந்து கும்பிடுவது எல்லாம் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பொறுக்கட்டும். திருநீற்றை நெற்றியில் கொட்டாமல் தொட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது. கண்ணைக் கசக்கவே கூடாது.

சந்திப்பு நினைவூட்டல் ஆங்கிலத்தில் கைப்பேசிக்கு வரும்; படிக்காமல் அழித்துவிடாதீர்கள். பிள்ளைகளின் எண்ணையும் பதிவு செய்யச் சொல்லலாம். அவர்களுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை என்றால் சந்திப்பை விட்டுவிடாமல், அழைத்து வேறு நாள் கேளுங்கள். செலவை நினைத்துத் தயங்கினால் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தக் கொப்புளத்தில் பல ஆண்டுகள் கழித்தும் கிருமி தொற்றலாம். கண் சிவந்து வலித்தாலோ, பீளை கட்டினாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குச் சென்று "கண் அழுத்தத்துக்கு அறுவை செய்த கண்" என்று சொல்லுங்கள்.

தேநீர் அருந்திவிட்டு வாருங்கள். புட்டி கண்ணில் படாமல் சொட்டு விடுவது எப்படி என்று செய்து காட்டுகிறேன்.