தேயிலைப் பாக்கெட்டில் இருப்பவள் பேசியபோது

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



பணியிடத்தில் பெண்களைக் கண்ணுக்குத் தெரியச் செய்வது எப்படி என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தலைப்பிலேயே எனக்கு ஒரு தகராறு இருக்கு. யார் கண்ணுக்கு? ஒரு தேயிலைப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்க. முதுகில் கூடையோடு ஒரு பொம்பளை சிரிச்சிக்கிட்டு நிப்பா. சுற்றுலா விளம்பரத்திலும் அவள்தான். தெரு கூட்டுறவளும் நாத்து நடுறவளும் ஊர் முழுக்கத் தெரியத்தான் செய்கிறார்கள். நம் பெண்களின் உழைப்பை இந்தச் சாதிய சமூகம் பார்க்காமல் இருந்ததே இல்லை. வரப்பில் நின்று, கங்காணியாக நின்று, கம்பை ஊன்றிக்கொண்டு நன்றாகவே பார்த்திருக்கிறது. கேட்டதுதான் கிடையாது.

பாக்கெட்டில் இருந்த அந்தப் பெண் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தாள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறேன். நம்ம கூட்டங்களில் அது பேசப்பட வேண்டிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

மூணாறு கேரளத்தில் இருந்தாலும் கொழுந்து பறிக்கிற கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள். அதிலும் மிகுதி தலித் கைகள். வெள்ளைக்காரன் காலத்தில் கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு போன சனத்தின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். வீடு என்பது லயம். ஓர் அறை, ஓர் அடுப்படி. அதுவும் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால், குடும்பத்தில் இன்னொருத்தர் தோட்ட வேலைக்குப் போகாவிட்டால் காலி செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து பறித்தால் 232 ரூபாய் கூலி. அந்த ஆண்டு கம்பெனி பத்து சதவீதம்தான் போனஸ் என்றது. இருபது வேண்டும், கூலி 500 வேண்டும் என்று பெண்கள் இறங்கினார்கள்.

சாலையை மறித்தவர்கள் ஆயிரக்கணக்கில். மூணாறு நின்றுபோனது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் கம்பெனியை மட்டும் எதிர்த்து உட்காரவில்லை. அங்கே இடது, வலது என்று எல்லா நிறத்திலும் சங்கம் இருந்தது. பல்லாண்டுகளாகச் சந்தா கட்டியவர்கள் இந்தப் பெண்கள், தலைவர்கள் ஆண்கள். அந்தத் தலைவர்களைப் போராட்டக் களத்துக்குள் பெண்கள் விடவில்லை. எங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டீர்களே, எங்களைக் கேட்டீர்களா என்பதுதான் கேள்வி. லிஸி சன்னி, கோமதி மாதிரியான தொழிலாளிகளே முன்னால் நின்றார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் பெம்பிளை ஒருமை. 'பொம்பளை' என்பதை வசவாகத்தான் நாம் தெருவில் கேட்டிருக்கிறோம். அதையே கொடியில் எழுதினார்கள். (கவிதை எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கு இதில் பொறாமை உண்டு.)

ஒன்பது நாள் போராட்டத்தில் போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து இருபது சதவீதம் கிடைத்தது. கூலி அக்டோபரில் 301 ரூபாய் ஆனது. ஆனால் அது முடிவானது தோட்டத் தொழிலாளர் கமிட்டியில். அரசு, நிர்வாகம், அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்காருகிற மேசை அது. சாலை பெண்களிடம் இருந்தது, மேசை மறுபடியும் பழைய கைகளுக்கே போனது. பிறகு அமைப்புக்குள் பிளவும் வந்தது. அதனால் அது தோற்றுவிட்டது என்று தீர்ப்புச் சொல்கிற அறிவுஜீவிகள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படித் தோற்றுப்போன ஒன்றைப் பற்றி 2017இல் ஒரு மந்திரி, எம்.எம். மணி, மேடையில் ஏன் அசிங்கமாகப் பேசவேண்டி வந்தது? கூலி கேட்டவளின் கூலியைப் பற்றிப் பேச முடியாதபோது நடத்தையைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பெண்கள் திரும்பவும் சாலையில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் லயங்களோடு எழுபது பேர் புதைந்தபோது, நிலம் கொடு என்று முதலமைச்சரின் வருகையின்போது குரல் எழுப்பியவரும் இதே கோமதிதான்.

மலையை விட்டு இறங்கி என் வேலைக்கு வருகிறேன். நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவள். எங்கள் பக்கத்துச் சங்கக் கூட்டங்களில் மேடையில் ஒரு பெண் கட்டாயம் உண்டு. வரவேற்புரை அவங்க, இல்லேன்னா நன்றியுரை. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் ஆண்களுடையது. கூட்டம் சாயங்காலம் ஆறரைக்கு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வரணும், பஸ்ஸைப் பிடிக்கணும் என்று அவள் ஏழு மணிக்கு எழுந்தால், 'லேடீஸ் அக்கறை காட்டுறதில்லை' என்று மறுநாள் பேச்சு. அதிலும் கோட்டாவில் வந்தவள் என்றால், அவள் சொன்ன கருத்தை ஒரு ஆண் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது கருத்து. நான் செய்தது சின்ன வேலை. மினிட்ஸ் எழுதுகிற பொறுப்பைக் கேட்டு வாங்கினேன். முதலில் சொன்னவள் பெயர் முதலில் ஏறுது. ஆறு மாசத்தில் பெண்கள் பேச்சு கூடியது. பதிவாகும் என்று தெரிந்தால் யாருக்கும் பேச்சு வரும்.

நாற்காலி கொடுத்தால் போதாதா என்று ஒரு தம்பி கேட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியாக இருந்த தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வந்ததே, மறந்துவிட்டதா? அவருக்குத் தேர்தலும் சட்டமும் நாற்காலி கொடுத்திருந்தன. சுற்றியிருந்தவர்கள் நாற்காலியில்தான் இருந்தார்கள்.

நம்ம இயக்கத்துக்கும் சொல்லுகிறேன், கோபப்படாமல் கேளுங்க. அடுத்த மாதம் தூய்மைப் பணியாளர் கூலிக்காகக் கலெக்டரைப் பார்க்கப் போகிறோம். ஐந்து பேர் குழுவென்று முடிவு செய்திருக்கிறீர்கள். ஐந்தும் ஆண்கள், அதில் ஒருவர்கூட விளக்குமாறு பிடிப்பவர் இல்லை. மூன்று பேராவது கூட்டுகிற பெண்களாக இருக்கட்டும். மனுவை நாம் எழுதித் தரலாம், வாசித்துக் காட்டி அவங்க சொல்கிற இடத்தில் திருத்தலாம். கலெக்டர் கேட்கும் கேள்விக்கு அவங்களே பதில் சொல்லட்டும். 'அதுங்களுக்குப் பேசத் தெரியாதே' என்று இந்த அரங்கிலும் யாராவது முணுமுணுக்கலாம். எத்தனை மணிக்குத் தெருவுக்கு வருகிறாள், கையுறை கடைசியாக எப்போது கொடுத்தார்கள், கூலியில் எவ்வளவு பிடிக்கிறான் என்பது நம்மில் யாருக்குத் தெரியும்? பெயர்களை இப்போதே எழுதிக்கொள்வோம். தயாரிப்புக் கூட்டத்தை அவங்க வேலை முடிகிற மதியம் ரெண்டு மணிக்கு வைப்போம்.